வலையமைப்பைப் பராமரிப்பவரின் சொல் அம்பலம் ஏறுமா?

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணிமைக் கட்டமைப்பு, தரவுகளைப் பூட்டிவைத்துக்கொண்டு கப்பம் கோரும் 'ரான்சம்வெயார்' தாக்குதலுக்கு உள்ளானது. அரச மின்னஞ்சல் முகவரிகளைப் பயன்படுத்திவந்த சுமார் 5000 பேர் பாதிக்கப்பட்டனர். அமைச்சரவை அலுவலகமும் அதற்கு விதிவிலக்காக இருக்கவில்லை. சேவை ஒரு நாளுக்குள் மீண்டும் இயங்கத் தொடங்கிவிட்டது. ஆனால், அவ்வாண்டு மே 17ஆம் திகதி தொடக்கம் ஆகஸ்ட் 26ஆம் திகதி வரையில் பரிமாறப்பட்ட மின்னஞ்சல்கள் மீளக் கிடைக்கவில்லை. காப்புப் பிரதிகளும் அதே கட்டமைப்புடன் பிணைக்கப்பட்டிருந்ததால் அவையும் சேர்ந்தே பூட்டப்பட்டுவிட்டன. வெளியே தனியாக எடுத்துவைக்கப்பட்ட பிரதியொன்று அந்தக் காலப்பகுதிக்கு இருக்கவில்லை.

அச்சமயம் பத்திரிகைகளில் வெளியான செய்திகளில் பெரும்பாலானவை தாக்கியவர்கள் யார் என்பதிலேயே அக்கறை காட்டின. ஆனால், அந்தக் கட்டமைப்புக்குப் பொறுப்பாயிருந்த நிறுவனத்தின் தரப்பிலிருந்து வந்த விளக்கத்தில் அதைவிட முக்கியமான ஒரு விடயம் இருந்தது. பயன்பாட்டில் இருந்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ் மென்பொருளின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதைப் புதுப்பிக்கவேண்டும் என்ற திட்டம் 2021ஆம் ஆண்டிலிருந்தே இருந்துவந்திருக்கிறது. நிதிப் பற்றாக்குறையினாலும் முன்னைய பணிப்பாளர் சபையின் தீர்மானங்களினாலும் அது தாமதமாகியது என்று கூறப்பட்டது. அந்தப் பதிப்புக்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2023 ஏப்ரல் 11ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. அதாவது, கதவுக்குப் பூட்டுச் செய்துகொடுத்தவரே 'இனி இந்தப் பூட்டில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் நான் அடைத்துத் தரமாட்டேன்' என்று அறிவித்து நான்கு மாதங்கள் கடந்த பின்னர்தான் திருடர்கள் வந்திருக்கிறார்கள்.

திருடர்களைப் பற்றி எழுதுவது எனது நோக்கமல்ல. 2021இல் எவரோ ஒருவர் 'இதை மாற்றவேண்டும்' என்று எழுதியிருக்கிறார். ஏதோவொரு கோவையில் அந்தக் குறிப்பு இருந்திருக்கவேண்டும். அந்தச் சொல் ஏன் அம்பலம் ஏறவில்லை என்பதே இங்கு கேட்கப்படவேண்டிய கேள்வி.

கணினி விற்பன்னன் என்று என்னை நான் ஒருபோதும் கூறிக்கொண்டதில்லை. கலைப்பட்டதாரியான எனக்கும் வலையமைப்புகளுக்கும் இடையிலான உறவு, அவற்றை நம்பிப் பத்திரிகை நடத்தும் இடங்களில் பல தசாப்தங்களைக் கழித்தவன் என்ற அளவிலானது. ஆனால், கண்ணுக்குத் தெரியாத வேலை என்றால் என்ன என்பது பத்திரிகைக்காரனுக்கு நன்றாகவே தெரியும். முன்னர் ஒவ்வொரு பத்திரிகைக் கந்தோரிலும் ஒப்புநோக்குனர்கள் இருந்தார்கள். ஒரு நாளில் அவர்கள் திருத்திய நூற்றுக்கணக்கான பிழைகளை எந்த வாசகரும் கண்டதில்லை. தப்பிப்போன ஒரேயொரு பிழைக்காக மறுநாள் காலை ஆசிரியரின் அறைக்கு அழைக்கப்படுவார்கள். பிழையே இல்லாமல் பத்திரிகை வந்த நாளில், 'இவர்களுக்கு ஏன் சம்பளம்?' என்று நிருவாகம் யோசிக்கும். அவ்வாறு யோசித்து ஒப்புநோக்குனர்களை வீட்டுக்கு அனுப்பிய பத்திரிகைகளின் இன்றைய பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

அலுவலக வலையமைப்பைப் பராமரிப்பவர்களின் நிலையும் இதுவே. ஒப்புநோக்குனர் தவறவிட்ட பிழையினால் ஒரு மறுப்பறிக்கையோடு காரியம் முடியும். இங்கே ஒரு வங்கிக் கிளை, ஒரு வைத்தியசாலை, ஒரு சுங்க அலுவலகம் முழுவதுமாக நின்றுபோகும்.

தொழில்நுட்பத்துடன் பரிச்சயமில்லாத வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். அலுவலகத்தில் ஒவ்வொரு கணினியிலிருந்தும் செல்கின்ற வயர் சுவருக்குள் நுழைந்து, எங்கோ மாடிப்படிக்குக் கீழே விளக்குமாற்றுடனும் பழைய நாற்காலிகளுடனும் இடத்தைப் பங்குபோட்டுக்கொண்டிருக்கும் ஓர் இரும்புப் பெட்டிக்குள் போய்ச் சேர்கிறது. அதற்குள் இருக்கும் 'ஸ்விட்ச்' என்ற கருவி அந்தக் கணினிகளை ஒன்றுடனொன்று இணைக்கிறது. 'ரவுட்டர்' அவற்றை வெளியுலகுடன் இணைக்கிறது. ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் முகவரி வேண்டும். அதை வழங்குவதற்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடிக் கொடுப்பதற்கு இன்னோர் ஏற்பாடு இருக்கிறது. கணக்குகளும் ஆவணங்களும் 'சேர்வர்' என்ற பெரிய கணினியில் இருக்கின்றன. இவற்றில் எது பழுதுபட்டாலும் பாவனையாளரிடமிருந்து வருகின்ற முறைப்பாடு ஒன்றுதான்: "இன்ரநெற் வேலை செய்யேல்லை."

நல்ல தொழில்நுட்ப உத்தியோகத்தர் அந்த ஒற்றை வசனத்தைக் கேட்டதும் கருவிகளை நோக்கி ஓடமாட்டார், முதலில் கேள்விகளைக் கேட்பார். உங்களுக்கு மட்டுமா, பக்கத்து மேசைக்காரருக்குமா? எப்போதிலிருந்து? நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் எது மாறியது? வயர் செருகப்பட்ட இடத்தில் வெளிச்சம் எரிகிறதா? கணினிக்கு முகவரி கிடைத்திருக்கிறதா? எண்ணைக் கொடுத்தால் போய்ச் சேர்ந்து, பெயரைக் கொடுத்தால் போய்ச் சேராமல் இருக்கிறதா? ஒவ்வொரு பதிலும் தேடவேண்டிய பரப்பைப் பாதியாகக் குறைத்துவிடும். நிருபர் ஒருவர் சம்பவ இடத்தில் கேட்கவேண்டிய கேள்விகளுக்கும் இவற்றுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அவசரக்காரரோ எல்லாவற்றையும் நிறுத்தி மீண்டும் இயக்குவார். பெரும்பாலும் அது பலிக்கும் என்பதுதான் அதிலுள்ள ஆபத்து. வருத்தம் மறைந்துவிடும், அதன் காரணத்தைக் காட்டக்கூடிய தடயமும் சேர்ந்து மறைந்துவிடும், அடுத்த வாரம் அதே நோய் திரும்பி வரும்.

வலையமைப்புப் பராமரிப்பாளர்கள் அனைவரும் அறிந்த ஒரு பழுதை உதாரணமாகக் கூறலாம். மேல்மாடியில் இருக்கும் எழுதுவினைஞருக்கு வைஃபை சரியாக எட்டுவதில்லை. பல மாதங்களாகச் சொல்லிப் பார்க்கிறார், ஒருவரும் கவனிக்கவில்லை. ஒருநாள் வீட்டில் சும்மா கிடந்த சிறிய ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவந்து சுவரிலுள்ள துவாரத்தில் செருகிவிடுகிறார். வயரைச் செருகவேண்டிய பக்கத்தை விட்டு மற்றைய பக்கத்தில் செருகியதால், அந்தச் சின்னப் பெட்டி தன்னை முழு அலுவலகத்துக்கும் முகவரி வழங்கும் அதிகாரியாக நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் பிழையான முகவரிகளை வழங்கத் தொடங்குகிறது. இரவு முழுவதும் இயங்கிக்கொண்டிருந்த கணினிகளுக்கு முன்னரே முகவரி கிடைத்துவிட்டதால் பிரச்சினை இல்லை. காலையில் இயக்கப்பட்டவை பல வழிதவறிப் போகின்றன. கணக்குப் பிரிவில் பாதிப் பேருக்கு வேலை நடக்கிறது, மீதிப் பேருக்கு நடக்கவில்லை. 'வைரஸ் வந்துவிட்டது' என்று ஒருவர் சொல்வார், இணைய இணைப்பைத் தருகின்ற கம்பனியைத் திட்டுவார் இன்னொருவர். பாதிக்கப்பட்ட கணினியொன்றின் முகவரியைப் பார்க்கத் தெரிந்தவருக்கு, அது எந்த வாசலால் வெளியே போக முயல்கிறது என்பதைக் கண்டுபிடிக்கச் சில நிமிடங்களே போதும்.

பழுது எங்கே இருந்தது? எழுதுவினைஞரைக் குற்றஞ்சாட்டுவது சுலபம். ஆனால், அவருடைய முறைப்பாட்டை ஏற்றுப் பதிவுசெய்வதற்கு ஓர் ஏற்பாடு இருந்திருக்குமானால் அவர் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்திருக்கமாட்டார். அனுமதியற்ற இடத்திலிருந்து முகவரி வழங்கப்படுவதைத் தடுக்கின்ற வசதி, முறையாக நிருவகிக்கக்கூடிய ஸ்விட்ச்சுகளில் இருக்கிறது. மலிவானவற்றில் இல்லை. கூறுவிலைகளைக் கோரி அதிகுறைந்த விலைக்கு வாங்கவேண்டும் என்ற கொள்வனவு நடைமுறை அந்த வசதியை முன்கூட்டியே வெட்டிவிட்டது. வயர்களையும் பெட்டிகளையும் ஆராயும் முன்னர் அலுவலகத்தின் ஒழுங்கை ஆராயவேண்டும் என்று நான் கருதுவது இதனால்தான்.

இன்னொரு பிரபலமான பழுது, ஒரே வயரின் இரு முனைகளையும் சுவரிலுள்ள இரு துவாரங்களில் செருகிவிடுவது. மேசைகளை இடம்மாற்றும்போது கீழே தொங்கும் முனையைக் கண்ட நல்ல மனிதர் ஒருவர், 'இது கழன்றுவிட்டதாக்கும்' என்று செருகிவிடுவார். வலையமைப்பில் 'எல்லோருக்கும்' என்று விலாசமிட்ட செய்திகள் சதா போய்க்கொண்டிருக்கும். வட்டப்பாதையொன்று உருவாகிவிட்டால் அந்தச் செய்தி சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு சுற்றிலும் பெருகி, வேறு எதற்கும் இடமில்லாமல் பாதையை நிரப்பிவிடும். வதந்தியொன்று ஊரைச் சுற்றிவந்து, அதை முதலில் சொன்னவரிடமே புதுச் செய்தியாகத் திரும்பி வருவதைப் போன்றது இது. இதைத் தடுப்பதற்கான முறையை ராடியா பேர்ல்மன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1985ஆம் ஆண்டில் வகுத்தார். ஸ்விட்ச்சுகள் தமக்குள் பேசிக்கொண்டு, வட்டம் உண்டாகும் பாதைகளைத் தாமாகவே மூடிவிடும். அழகான ஏற்பாடு. ஆனால், அதற்கும் எல்லை உண்டு. அந்த எல்லையைக் கவனியாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஒரு பாடம் இருக்கிறது.

அங்குள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் வைத்தியசாலை, ஹார்வார்ட் பல்கலைக்கழக மருத்துவ பீடத்துடன் இணைந்தது. கணினிமயமாக்கலில் முன்னணியில் இருப்பதாகப் பேரெடுத்தது. 2002 நவம்பர் 13ஆம் திகதி அதன் வலையமைப்பு தடுமாறத் தொடங்கியது. ஆராய்ச்சியாளர் ஒருவர் பரிசோதித்துக்கொண்டிருந்த தரவுப் பகிர்வு மென்பொருள் ஒன்று பெருமளவு தரவுகளை வலையமைப்பில் கொட்டியது உடனடிக் காரணம். ஆனால், அடிப்படைக் காரணம் வேறு. இரு வைத்தியசாலைகள் 1996இல் ஒன்றிணைந்தபோது அவற்றின் வலையமைப்புகளும் ஒட்டுப்போட்டு இணைக்கப்பட்டன. பிறகு ஒவ்வொரு தேவைக்கும் ஒவ்வொரு ஒட்டு. பேர்ல்மனின் முறை ஒழுங்காக இயங்குவதற்கு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏழு தாவல்களுக்குமேல் இருத்தலாகாது. அங்கே சில இடங்களில் பத்து இருந்தது. சாதாரண நாட்களில் அதுவும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நெரிசல் ஏற்பட்ட அன்று ஸ்விட்ச்சுகள் தமக்குள் உடன்பாடு காண முடியாமல் பாதைகளை மூடுவதும் திறப்பதுமாகத் தத்தளித்தன.

நான்கு நாட்கள் அந்த வைத்தியசாலை காகிதத்துக்குத் திரும்பியது. இரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கையில் எடுத்துக்கொண்டு ஆட்கள் ஓடினார்கள். கணினியிலேயே பழகிவிட்ட இளம் வைத்தியர்களுக்கு மருந்துச் சீட்டைக் கையால் எழுதுவது எப்படி என்று மூத்தவர்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. கருவிகளைத் தயாரித்த சிஸ்கோ கம்பனி தனது பொறியியலாளர்களை அனுப்பி வைத்தியசாலையின் வலையமைப்பை மீளக் கட்டியமைக்க உதவியது.

இந்தச் சம்பவத்தில் என்னைக் கவர்ந்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். வைத்தியசாலையின் தகவல் பிரிவுத் தலைவராயிருந்த ஜோன் ஹலம்கா நடந்தவற்றை மூடிமறைக்காமல் பகிரங்கமாகச் சொன்னார். வலையமைப்பு அறிவு முழுவதும் ஓரிருவருடைய தலைக்குள் இருக்க அனுமதித்தது தவறு, வெளியாரைக் கொண்டு பரிசோதிக்கத் தயங்கக்கூடாது, மாற்றங்களை எவரும் நினைத்த நேரத்தில் செய்யமுடியாதவாறு ஒழுங்கு வேண்டும் என்றெல்லாம் அவர் எடுத்துரைத்தார். அந்த அனுபவம் பின்னர் பல்கலைக்கழகங்களில் பாடமாகவே கற்பிக்கப்பட்டது. எமது நாட்டின் ஓர் அரச நிறுவனத்தின் தலைவர் இப்படிப் பேசியிருந்தால் அடுத்த நாள் விசாரணைக் குழுவொன்று நியமிக்கப்பட்டிருக்கும்; அதன் அறிக்கை ஒருபோதும் வெளிவந்திராது!

மாற்றங்களைப் பற்றிச் சொல்லும்போது, கனடாவில் வாழும் எமது உறவுகளால் இலகுவில் மறக்கமுடியாத ஒரு நாள் நினைவுக்கு வருகிறது. 2022 ஜூலை 8ஆம் திகதி அதிகாலையில் றொஜர்ஸ் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வலையமைப்பு முழுவதுமாக விழுந்தது. 12 மில்லியனுக்கும் அதிகமான வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டனர். கைத்தொலைபேசி இல்லை, இணையம் இல்லை. வங்கி அட்டையால் கடைகளில் பணம் செலுத்துவது நாடு முழுவதும் தடைப்பட்டது. அவசர உதவிக்கான 911 இலக்கத்தைக்கூடப் பலரால் அழைக்கமுடியவில்லை. ரொறன்ரோவில் தமிழர்கள் செறிந்து வாழும் பகுதிகளிலும் அன்று கடைகளில் காசுத்தாளுக்கு மீண்டும் மதிப்பு வந்தது.

என்ன நடந்தது? வலையமைப்பைப் புதுப்பிக்கும் பணி ஏழு கட்டங்களாக நடந்துகொண்டிருந்தது. ஆறாவது கட்டத்தில் ஒரு கருவியிலிருந்த வடிகட்டி அமைப்பு நீக்கப்பட்டது. உடனே அளவுகடந்த வழித்தடத் தகவல்கள் மையக் கருவிகளுக்குள் பாய்ந்து அவற்றை மூழ்கடித்தன. இதை ஆராய்ந்த அறிக்கையின் சுருக்கம் 2024இல் வெளியானபோது அதில் ஒரு குறிப்பைக் கண்டு நான் திகைத்தேன். தொடக்கத்தில் 'அபாயம் மிகுந்தது' என்று வகைப்படுத்தப்பட்ட அந்தப் பணி, முன்னைய கட்டங்கள் சிக்கலின்றி நிறைவேறியதால், 'அபாயம் குறைந்தது' என்று தரம் இறக்கப்பட்டிருந்தது. ஐந்து தடவைகள் ஒன்றும் நடக்கவில்லை, ஆறாவது தடவையும் நடக்காது என்ற நம்பிக்கை. ஆற்றில் ஐந்து அடி எடுத்துவைத்தவன், ஆழமில்லை என்று தீர்மானித்துக் கைத்தடியை எறிந்துவிட்டு ஆறாவது அடியை வைத்ததைப் போல.

அதைவிட வேடிக்கை, வேடிக்கை என்று சொல்லலாமோ தெரியவில்லை, பழுதைத் திருத்தவேண்டிய பொறியியலாளர்களும் அதே நிறுவனத்தின் தொலைபேசிகளையே வைத்திருந்தார்கள். கருவிகளைத் தூரத்திலிருந்து அணுகுவதற்கான வழியும் விழுந்துபோன அதே வலையமைப்பினூடாகத்தான் இருந்தது. ஒருவரோடொருவர் பேசவே முடியாதவர்கள் எப்படிக் காரணத்தைக் கண்டுபிடிப்பார்கள்? அதற்கே சுமார் 14 மணித்தியாலங்கள் எடுத்தன. முந்திய ஆண்டு, 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி, பேஸ்புக் நிறுவனம் சுமார் ஆறு மணித்தியாலங்கள் உலகிலிருந்தே மறைந்துபோனதும் ஏறக்குறைய இதே வகையைச் சேர்ந்தது. பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளை எல்லா இணைப்புகளையும் துண்டித்தது. உள்ளே சென்று திருத்துவதற்கான கருவிகளும் அந்த இணைப்புகளையே நம்பியிருந்தன. வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு நிற்பதற்கு உலகப் பெரும் நிறுவனங்களும் விலக்கல்ல.

இனிக் காப்புப் பிரதி விவகாரம். 'பக்அப் இருக்கிறதா?' என்று கேட்டால் எல்லா அலுவலகங்களிலும் 'இருக்கிறது' என்ற பதிலே வரும். அந்தப் பிரதியிலிருந்து எதையாவது மீட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டுப் பாருங்கள், மௌனம் நிலவும். மென்பொருள் எழுதுபவர்கள் உலகெங்கும் பயன்படுத்தும் கிற்லாப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31ஆம் திகதி இரவு, களைத்துப்போயிருந்த பொறியியலாளர் ஒருவர் தவறான சேர்வரில் கட்டளையிட்டு உயிரோடிருந்த தரவுத்தளத்தை அழித்துவிட்டார். கவலையில்லை, ஐந்து வகையான காப்பு ஏற்பாடுகள் இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோது எதுவும் உதவவில்லை. அவற்றுள் ஒன்று, மென்பொருள் பதிப்புப் பொருத்தமின்மையால் சத்தமின்றித் தோல்வியடைந்துகொண்டிருந்திருக்கிறது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களோ பெறுபவர்களிடம் போய்ச் சேராமல் நிராகரிக்கப்பட்டுவந்தன. காவல்காரன் கூவியிருக்கிறான், கூவியது எவருடைய காதிலும் விழவில்லை. அன்று அந்த நிறுவனத்தைக் காப்பாற்றியது, அதே பொறியியலாளர் வேறொரு பரிசோதனைக்காக ஆறு மணித்தியாலங்களுக்கு முன்னர் கையால் எடுத்துவைத்த ஒரு பிரதி. கிற்லாப் அவரைப் பலிக்கடாவாக்கவில்லை. மீட்புப் பணியை யூரியூப்பில் நேரடியாக ஒளிபரப்பியது.

கப்பற் போக்குவரத்தில் பெருநிறுவனமான மேர்ஸ்க்கின் கதை இன்னும் விசித்திரமானது. 2017 ஜூன் 27ஆம் திகதி 'நொட்பெற்யா' என்ற தீநிரல் அதன் கணினிகளை உலகெங்கும் அழித்தது. யார் உள்ளே வரலாம், எவருக்கு எந்த உரிமை என்ற விபரங்களை வைத்திருந்த சேர்வர்கள் ஏறத்தாழ 150 இருந்தன. ஒன்றுக்கொன்று காப்பாக இருக்கும் என்று கருதப்பட்ட அவை அனைத்தும் ஒரேயடியாக அழிந்தன. கானா நாட்டிலிருந்த ஒன்று மட்டும் தப்பியது. காரணம், தாக்குதல் நேரத்தில் அங்கே மின்சாரம் தடைப்பட்டிருந்தது! அந்த ஒற்றைப் பிரதியை விமானத்தில் எடுத்துவந்துதான் மற்ற எல்லாவற்றையும் மீளக் கட்டினார்கள். 4000 சேர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாட்களில் புதிதாக நிறுவவேண்டியிருந்தது. அந்த நிறுவனத்தின் பாதுகாப்பை மேம்படுத்தவேண்டும் என்று தொழில்நுட்பவியலாளர்கள் முன்னரே வலியுறுத்தியிருந்தார்கள், அதற்குப் பணமும் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆனால், அதை நிறைவேற்றுவது மேலதிகாரிகளின் வருடாந்த ஊக்கக் கொடுப்பனவுக்குரிய அளவுகோல்களில் சேர்க்கப்படாததால் எவரும் அதை முன்னெடுக்கவில்லை என்று பின்னர் அமெரிக்கச் சஞ்சிகையொன்று எழுதியது. 2021இன் எமது கோவைக் குறிப்புக்கு நேர்ந்த கதியும் இதுவும் வெவ்வேறல்ல.

மின்தடை காப்பாற்றியதாக மேர்ஸ்க் சொல்லிக்கொள்ளலாம். எமக்கு அந்தப் பாக்கியம் இல்லை. 2022 மார்ச் 31ஆம் திகதி நாட்டில் 13 மணித்தியால மின்வெட்டு நடைமுறையில் இருந்ததை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அலுவலகங்களிலுள்ள யூ.பி.எஸ். கருவிகள் ஜெனரேற்றர் இயங்கத் தொடங்கும்வரை, அல்லது சேர்வரை ஒழுங்காக நிறுத்தும்வரை, சில நிமிடங்கள் தாக்குப்பிடிப்பதற்காக உருவாக்கப்பட்டவை. அவற்றின் பற்றரிகளைத் தினமும் அடியோடு வற்றவைத்தால் ஆயுள் வேகமாகக் குறையும். சாதாரணமாகவே மூன்று முதல் ஐந்து வருடங்களில் மாற்றவேண்டியவை அவை. எமது வெப்பத்தில் அதற்கும் குறைவு. பச்சை வெளிச்சம் எரிவதால் பற்றரி நல்ல நிலையில் இருக்கிறது என்று அர்த்தமாகாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டபோது பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் புகுந்த குரங்கைப் பற்றி உலகமே சிரித்தது. ஞாயிற்றுக்கிழமையாக இருந்ததால் பல கந்தோர்களின் பற்றரிகள் அன்று பரீட்சை எழுதாமல் தப்பிக்கொண்டன.

எனக்குத் தெரிந்த நிறுவனமொன்றில் இத்தகைய பற்றரிகளை மாற்றுவதற்கும், கட்டடங்களுக்கிடையே ஓடிய செப்புக் கேபிளுக்குப் பதிலாக ஒளியிழைக் கேபிள் போடுவதற்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தரான இளைஞர் அனுமதி கேட்டார். பருவப்பெயர்ச்சிகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களில் இடிமின்னல் தாக்கினால் செப்புக் கேபிளின் வழியே மின்னெழுச்சி பாய்ந்து இரு பக்கத்துக் கருவிகளையும் எரித்துவிடும். ஒளியிழையில் மின்சாரம் பாயாது. கணக்காளர் கோவையைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"எல்லாம் ஒழுங்காத்தானே ஓடுது. பிறகென்னத்துக்குத் தம்பி காசு?"

"ஓடுறபடியாத்தான் கேக்கிறன் சேர். நிண்டாப்பிறகு நான் கேக்கத் தேவையில்லை, நீங்களே தருவியள்."

கோவை திரும்பிப் போனது. ஒக்டோபர் மாத இடி ஒன்று கோவையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மின்னலுக்குப் பிறகு அவசரக் கொள்வனவு என்ற பெயரில் வாங்கப்பட்ட கருவிகளுக்குச் செலவான தொகை, முன்னர் கேட்கப்பட்டதைவிடப் பல மடங்கு. அந்த இளைஞர் இப்போது இந்த நாட்டில் இல்லை.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் அவரைப்போல் வெளியேறிய தொழில்நுட்பவியலாளர்கள் ஏராளம். அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆனால், ஒருவர் போகும்போது அவருடன் சேர்ந்து எதுவெல்லாம் விமானமேறுகிறது என்பதை எத்தனை நிறுவனங்கள் யோசித்திருக்கின்றன? எந்த வயர் எந்த அறைக்குப் போகிறது என்ற வரைபடம், கருவிகளின் கடவுச்சொற்கள், நள்ளிரவில் சேர்வர் நின்றால் எதை முதலில் இயக்கவேண்டும் என்ற வரிசை, இவையெல்லாம் அவருடைய தலைக்குள்தான் இருந்திருக்கும். எழுதிவைக்க நேரம் கொடுக்கப்பட்டதா? வயர்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுவதையும் கொப்பியில் மாற்றங்களைக் குறித்துவைப்பதையும் வேலையாகவே கருதாத முகாமையாளர்களை நான் நிறையவே கண்டிருக்கிறேன். நாற்காலியில் அமர்ந்து எழுதிக்கொண்டிருந்தால் சும்மா இருக்கிறார் என்று நினைத்து, பிறின்ரருக்கு மை மாற்ற அனுப்பிவிடுவார்கள்.

இதற்கெல்லாம் பரிகாரமாக இப்போது முன்வைக்கப்படுவது, 'எல்லாவற்றையும் மேகத்துக்கு அனுப்பிவிடுவோம்' என்ற யோசனை. சிறிய நிறுவனங்களுக்கு அதில் நன்மை இருப்பதை மறுப்பதற்கில்லை. தமது சேர்வரைத் தாமே பாதுகாக்க முடியாதவர்கள் அதைச் செய்யத்தான் வேண்டும். ஆனால், 2023இல் விழுந்ததும் மேகம்தான். மேகம் என்பது வேறொருவருடைய கட்டடத்திலுள்ள சேர்வர், அதையும் ஒருவர் புதுப்பித்துக்கொண்டிருக்கவேண்டும். மேகம்வரை போய்ச் சேருவதற்கு மாடிப்படிக்குக் கீழேயுள்ள இரும்புப் பெட்டியும் வேண்டும்.

தாக்குதலுக்குப் பின்னர், கட்டமைப்புக்கு வெளியே தினந்தோறும் காப்புப் பிரதி எடுப்பதற்கும் மென்பொருளைப் புதுப்பிப்பதற்கும் நடவடிக்கை எடுக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. நல்லது. அரசாங்கக் கூட்டுத்தாபனங்களும் நியதிச்சட்ட சபைகளும் தமது வருடாந்த அறிக்கைகளை மூன்று மொழிகளிலும் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கின்றன. தலைவரின் வர்ணப் படத்துக்கும் மரநடுகை விழாவுக்கும் அவற்றில் பல பக்கங்கள் கிடைக்கின்றன. அதே அறிக்கைகளில் மூன்று வரிகளைக் கட்டாயமாக்கவேண்டும் என்பது எனது யோசனை. காப்புப் பிரதியிலிருந்து தரவுகளைக் கடைசியாக மீட்டுப் பரிசோதித்த திகதி. அதற்கு எடுத்த நேரம். தயாரிப்பாளரின் ஆதரவு முடிந்த பின்னரும் பாவனையில் இருக்கும் மென்பொருட்களின் பட்டியல். தொழில்நுட்பப் பிரிவு கேட்டு நிராகரிக்கப்பட்ட கோரிக்கைகளையும் நிராகரித்தவரின் பதவியையும் அதனுடன் சேர்த்தால் கணக்காய்வாளர்களின் வேலை இன்னும் இலகுவாகும். அந்தக் கடைசி அம்சத்துக்கு எந்தப் பணிப்பாளர் சபையும் இலகுவில் சம்மதிக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

அதுவரையில் எமது பத்திரிகை நண்பர்கள் ஒன்றைச் செய்யலாம். அமைச்சர்கள் புதிய கணினி நிலையங்களைத் திறந்துவைக்கும் வைபவங்களுக்குச் செல்லும் நிருபர்கள், நாடா வெட்டும் படத்தை எடுத்தபின்னர் உடனே புறப்பட்டுவிடாமல், அறையின் மூலையில் வயர்களுடன் நின்றுகொண்டிருக்கும் உத்தியோகத்தரிடம் போய், கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள் என்று கேட்டு அந்தத் திகதியையும் செய்தியில் எழுதலாம்.